எல்லாச் சிவப்பு ஒயினும் ஒரே துவர்ப்புத்தானா?

கேள்வி: ஈப்போவிலிருந்து ஒரு வாசகர், 9 பிப்ரவரி
கல்யாண விருந்துகளில் நான்கைந்து முறை சிவப்பு ஒயின் குடித்துப் பார்த்துவிட்டேன். பிரான்ஸ் என்கிறார்கள், ஆஸ்திரேலியா என்கிறார்கள், சிலி என்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். கொஞ்சம் புளிப்பு, நிறைய துவர்ப்பு. லேபிளில் கறுப்புச் செர்ரி, புகையிலை, தோல் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே, அது உண்மையாகவே நாக்குக்குத் தெரிகிறதா? இல்லை, பணம் இருக்கிறவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சா?

9 பிப்ரவரி, இரவு
தெரியும். ஆனால் ஒவ்வொரு விருந்தில் ஒவ்வொன்றாகக் குடித்தால் ஆயுசுக்கும் தெரியாது.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ஷீட் தரம் பிரித்தவர். புகைக்கூடத்திலிருந்து வரும் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, மண் இருக்கிறதா, பூஞ்சை படர்ந்திருக்கிறதா, நிறம் கறுத்திருக்கிறதா என்று பார்த்து ஒன்றாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை அடுக்குவார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு ஷீட்டைக் கையில் கொடுத்து "இது என்ன தரம்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு ஷீட்டை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தார். அவ்வளவுதான், எது மட்டம் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

ஒயினும் அப்படித்தான். இரண்டு பாட்டில், இரண்டு கிளாஸ், ஒரே நேரம். திராட்சை ஒன்றாக இருக்கட்டும், ஊர் வேறாக இருக்கட்டும். ஆஸ்திரேலியாவின் பரோசாவிலிருந்து ஒரு ஷிராஸ், அதே திராட்சையில் பிரான்சின் வடக்கு ரோன் பகுதியிலிருந்து ஒரு குரோஸ்-எர்மிதாஜ் வாங்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள்.

ஒன்று மட்டும்: சிவப்பை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். அறையின் வெப்பத்திலேயே குடிக்கவேண்டும்.

11 பிப்ரவரி
லேபிள் சொற்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டேன்.

பினாங்கில் ஒரு ஹோட்டலில் ஆறு வருடம் பரிமாறும் வேலையில் இருந்தேன். ஒயின் பழகியது அங்கேதான். பிளாக்கரண்ட், கூஸ்பெரி, புதர்க்காட்டுப் பழங்கள் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதில் பாதிப் பழத்தை நான் கண்ணாலும் பார்த்ததில்லை. பார்க்காத பழத்தின் வாசனையை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வருடம் நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

திருப்பம் வந்தது துவர்ப்பில். இந்தச் சொல் நமக்குக் குழந்தையிலேயே வந்துவிடுகிறது. வாழைப்பூ, நெல்லிக்காய், மாதுளைத் தோல், கொட்டைப்பாக்கு. அறுசுவை என்று எண்ணும்போது துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. சிவப்பு ஒயினில் வெள்ளைக்காரர் தனியாகப் படித்துத் தெரிந்துகொள்கிற டானின் என்பது இதுதான். வாழைப்பூத் துவர்ப்பு மெல்லியது, நாக்கில் பரவிக் கரைந்துவிடும். பச்சைப் பாக்குத் துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுக்கும். பினோ நுவார் முதல் வகை, ஏனென்றால் அந்தத் திராட்சைக்குத் தோல் மெலிது. இளம் கேபர்னே சோவின்யோன் இரண்டாம் வகை. தோல் தடிப்பு, விதையும் அதிகம், டானின் அங்கிருந்துதான் இறங்குகிறது.

வீட்டிலேயே பழகலாம், காசு செலவில்லை. கேமரன் மலைத் தேயிலையை மூன்று குவளையில் போட்டு, ஒன்றை 2 நிமிடம், ஒன்றை 5 நிமிடம், ஒன்றை 10 நிமிடம் ஊறவிடுங்கள். சீனி வேண்டாம், பால் வேண்டாம். வரிசையாகக் குடியுங்கள். மூன்றாவது குவளையில் கன்னம் உள்ளே ஒட்டுவது போல இருக்கும். அதை நினைவில் வைத்துக்கொண்டு அப்புறம் ஒயினுக்கு வாருங்கள்.

12 பிப்ரவரி
இரசாயன ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: துவர்ப்பு நாக்கின் சுவை அல்ல, அது தொடு உணர்வு. சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். எச்சிலில் வழவழப்புக் கொடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. டானின் அவற்றோடு பிணைந்து திரித்துவிடுகிறது. வழவழப்புப் போனதும் வாய் உலர்ந்து சொரசொரப்பாகத் தெரிகிறது. அறுசுவையில் சேர்த்தது தவறா என்று கேட்டால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாப்பிடுகிறவனுக்கு வாயில் நடப்பது எல்லாம் சுவைதான்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது பாருங்கள். அந்தப் பத்து நிமிடத் தேநீரில் பால் ஊற்றினால் துவர்ப்பு ஏன் அடங்குகிறது? பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது, நம் எச்சிலை விட்டுவிடுகிறது. இழுத்து ஆற்றும் பால் தேநீரான தே தாரேக்கில் நடப்பதும் அதுவே. துவர்ப்பான சிவப்பு ஒயினோடு இறைச்சியும் சீஸும் ஏன் வைக்கிறார்கள் என்பதும் அதுவே.

13 பிப்ரவரி
கள்ளில் துவர்ப்பு ஏன் இல்லை என்று ஒருவர் கேட்கிறார். பாளையைச் சீவி இறக்கும் நீரில் தோலும் இல்லை, விதையும் இல்லை. காலையில் இனிப்பு, மதியம் பொங்கும், மறுநாள் காடி. ஒயின் பத்து வருடத்தில் போகும் பாதையைத் தென்னங்கள் ஒரே நாளில் போய்விடுகிறது.

15 பிப்ரவரி
9-ஆம் தேதி எழுதியதில் ஒரு பெரிய பிழை. திருத்துகிறேன். "அறையின் வெப்பம்" என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பேச்சு ஐரோப்பாவில், மின்விசிறிகூடத் தேவைப்படாத கல் வீடுகளில் பிறந்தது. அங்கே அறை என்றால் 16, 18 பாகை. இன்று மதியம் எங்கள் கூடத்தில் வெப்பமானியை மாட்டிப் பார்த்தேன், 32. அந்தச் சூட்டில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழ வாசனை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஹோட்டலில் குளிரறை இருந்ததால் இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

ஆக, சிவப்பு ஒயினை முப்பது நாற்பது நிமிடம் ஐஸ் பெட்டியில் வையுங்கள். வெள்ளை என்றால் இரண்டு மூன்று மணி நேரம். வெளியே எடுத்ததும் சூடேறிக்கொண்டே போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

18 பிப்ரவரி
நேற்று நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தோம். நான், மனைவி, மச்சான், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார். நான் கேள்வி கேட்டவருக்குச் சொன்ன அதே இரண்டு பாட்டில்களை வாங்கிவந்திருந்தேன்.

பரோசா: கிளாஸைச் சாய்த்தால் விளிம்பு வரை கறுப்பு. சாராயம் 14.5 சதவீதம். நன்றாகப் பழுத்துக் காய்ந்த பழம், கருப்பட்டி, கொஞ்சம் அதிமதுரம். வாயில் கனமாக உட்கார்ந்தது. மனைவி "பாகு பதம்" என்றார், அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

குரோஸ்-எர்மிதாஜ்: நிறம் கொஞ்சம் வெளுப்பு, 13 சதவீதம். முகர்ந்ததும் வாத்தியார் "மிளகு ரசம்" என்றார். சிரித்தோம், ஆனால் அது வேடிக்கைப் பேச்சு அல்ல. கருமிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள்தான் இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தார் 2008-இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். குளிர்ந்த இடத்தில் விளைந்தால் அது அதிகம், வெயில் ஊரில் குறைவு. பரோசாவில் மிளகு ஏன் பின்னால் போனது என்பதற்கு அது பாதிப் பதில்.

மச்சானுக்கு மிளகு கொஞ்சமும் தெரியவில்லை. மூன்று முறை முகர்ந்தார், கோபித்துக்கொண்டார். அவர் மூக்கில் குற்றம் இல்லை. அந்த ஆராய்ச்சியிலேயே ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் வாசனை அறவே தெரியவில்லை. பிறவி அமைப்பு. ஆக ஒரே கிளாஸை இரண்டு பேர் முகர்ந்து இரண்டு விதமாகச் சொன்னால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டவேண்டாம்.

19 பிப்ரவரி
ஷிராஸ் வேறு, பிரெஞ்சுக்காரர் சொல்லும் சிரா வேறு என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே திராட்சை. பாரசீகத்து ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்பது அழகான கதை, ஆனால் 1998-இல் மரபணுப் பரிசோதனையில் தாய் தகப்பன் தெரிந்துவிட்டது. தூரேசா, மோன்தூஸ் பிளான்ஷ், இரண்டும் தென்கிழக்குப் பிரான்சின் பழைய வகைகள்.

22 பிப்ரவரி
ஒரு பெரியவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். "தோட்டத்துச் சனத்தைக் குடி கெடுத்தது போதாதா? இப்போது நீங்கள் வேறு குடிக்கக் கற்றுக்கொடுக்கிறீர்களா?"

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது, அவசரமாக ஒரு பதில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயத்தினால் போன குடும்பங்களின் வீட்டு எண் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சம்பளத்தன்று சாயங்காலம் கள்ளுக்கடை வாசலில் பிள்ளைகள் அப்பாவுக்காகக் காத்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன். நிர்வாகமே கள்ளுக்கடை நடத்தி, கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்ட காலம் அது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன்னால் நின்றதும், அதற்காக அடிபட்டதும் வரலாறு. என் அப்பா அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர், இன்றுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை.

நாங்கள் செய்வது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டில் 750 மில்லி. ஒரு ஆளுக்கு ஒரு ஒயினில் 50 மில்லி, அதற்கு மேல் இல்லை. அதிலும் பாதியைத் துப்புகிறோம். பாட்டி வெற்றிலை போட்டுத் துப்பிய பித்தளைப் படிக்கம் வீட்டில் இருந்தது, அதைத் துலக்கி மேசைமேல் வைத்திருக்கிறோம். பிரான்சின் பெரிய சுவைக்கூடங்களிலும் படிக்கம் உண்டு, துப்புவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. மீதியை மூடி ஐஸ் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் சமையலுக்கும் ஆகும். குடிக்காதவர் யாரையும் கூப்பிடுவதில்லை, குடிக்கவேண்டாம் என்பவரிடம் வாதாடுவதும் இல்லை. இதற்கு மேலும் தவறு என்று உங்களுக்குத் தோன்றினால், அதை நான் மறுக்கப்போவதில்லை.

23 பிப்ரவரி
இருபத்தொரு வயது ஆகாதவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கலாம், கடைப்பக்கம் போகவேண்டாம். நம் மலேசியாவில் 2017 டிசம்பரிலிருந்து அதுதான் சட்டம்.

1 மார்ச்
இலை உதிர்கிற காலம். ரப்பர் மரமெல்லாம் மொட்டையாக நிற்கிறது, பால் குறைந்துவிட்டது. காலையில் தோட்டத்துப் பக்கம் நடக்கும்போது திராட்சைக்கொடி ஞாபகம் வந்தது. அதுவும் குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்கும், அந்தத் தூக்கம் இல்லாமல் நல்ல பழம் வைக்காது. ஒயின் ஊர்கள் பெரும்பாலும் 30 முதல் 50 பாகை அட்சரேகைக்குள் அடங்குவது அதனால்தான். நாம் ஐந்து பாகைக்கும் உள்ளே இருக்கிறோம். இங்கே கொடி நட்டால் தூங்கவும் தெரியாமல், விழிக்கவும் தெரியாமல் வருடம் முழுவதும் துளிர்விட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொரு உறவும் உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுக்கட்டுவது தெரியும்: வேர் ஒரு கன்றினுடையது, மேலே வளரும் மரம் வேறொன்றின் கண். இன்று உலகத்தில் பெரும்பாலான ஒயின் திராட்சையும் ஒட்டுக்கன்றுதான். 1860-களில் வட அமெரிக்காவிலிருந்து ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சுக்குள் வந்தது. பேன் அளவுகூட இருக்காது. வேரை உறிஞ்சியே நாடு முழுவதும் கொடிகளைச் சாகடித்தது. கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கிப் பழகிய அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். போர்தோ என்று பெருமையாகக் குடிக்கிற ஒயினுக்கு அடியில் அமெரிக்க வேர் இருக்கிறது. பரோசா இருக்கும் தென் ஆஸ்திரேலியாவுக்கு அந்தப் பூச்சி வரவே இல்லை. அதனால் 1840-களில் நட்ட ஷிராஸ் கொடிகள்கூடச் சொந்த வேரிலேயே இன்னும் காய்க்கின்றன. வயதான கொடி குறைவாகக் காய்க்கும், ஆனால் சாறு செறிவாக வரும் என்பார்கள்.

கோலகங்சாருக்குப் போனால் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள். பிரேசில் விதை, லண்டனில் முளைத்து, இங்கே வந்து சேர்ந்தது. நம் தாத்தாக்களை இங்கே கூட்டிவந்த மரம். ஒயினை விட்டு எங்கேயோ போய்விட்டேன், போகட்டும்.

2 மார்ச்
சிலி ஒயினில் குடைமிளகாய் வாசனை வந்தது, கெட்டுப்போனதா என்று கேட்டவருக்கு: இல்லை. பைரசீன் என்ற பொருள், குடைமிளகாயிலும் இருக்கிறது, கேபர்னே குடும்பத்திலும் இருக்கிறது. பழம் முழுக்கப் பழுக்குமுன் பறித்தால் அது தூக்கலாகத் தெரியும். உங்கள் பாட்டிலில் கார்மெனேர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சிலியில் அதை வெகுகாலம் மெர்லோ என்றே நினைத்து வளர்த்தார்கள். 1994-இல் பிரான்சிலிருந்து வந்த ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற கொடி ஆய்வாளர் பார்த்துச் சொன்னபிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் கத்தரிக்காய்ப் பிரட்டலோடு அது நன்றாகச் சேர்ந்தது.

8 மார்ச்
காரத்துக்கு எது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குப் பரோசா ஷிராஸ்தான் என்று நான் வருடக்கணக்காகச் சொல்லிவந்தவன். கனத்துக்குக் கனம் என்று நினைத்தேன். போன வாரம் அதையே மறுபடி வைத்துப் பார்த்தோம், பக்கத்தில் ஜெர்மனியின் வெள்ளை ஒயின் ஒன்று, மொசெல் ரீஸ்லிங். இரண்டாவது கவளத்திலேயே என் கணக்குத் தவறு என்று தெரிந்துவிட்டது.

மிளகாய்க் காரம் என்பது வாயில் சூட்டை உணரும் நரம்பு ஏமாந்துபோவது. அந்த ஏற்பி சாதாரணமாக 42 பாகைச் சூட்டில்தான் விழிக்கும். சாராயம் பட்டால் 34 பாகையிலேயே விழித்துக்கொள்கிறது, நம் உடல் சூடே போதும். அதனால் 14.5 சதவீத ஷிராஸ் காரத்தை அணைக்காது, ஊதிவிடும். டானின் வேறு வாயை உலர்த்திவிடுகிறது. மொசெல் ரீஸ்லிங்கில் கபினெட் என்ற மெல்லிய வகை 8, 9 சதவீதம்தான், கொஞ்சம் இனிப்பும் உண்டு. நெத்திலிச் சம்பலோடு நாங்கள் வைத்தபோது இனிப்பு காரத்தை அடக்கியது, புளிப்பு வாயைக் கழுவிவிட்டது, அடுத்த கவளத்துக்குக் கை தானாகப் போனது. மாங்காயோடு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும்போது நடக்கிற அதே விஷயம்.

வாங்கும்போது கவனியுங்கள்: லேபிளில் "ட்ரோக்கன்" என்று இருந்தால் இனிப்பில்லாதது. காரத்துக்கு அது வேண்டாம்.

8 மார்ச், மறுபடி
புளிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுவதும் எண்ணெயின் அமிலத்தை அளப்பது என் வேலை. புளிப்பு எல்லாம் ஒன்று அல்ல. நம் சமையல் புளியில் இருக்கும் முக்கிய அமிலம் டார்டாரிக். திராட்சையிலும் அதுவேதான். வேறு பழங்களில் அது அவ்வளவாகக் கிடையாது. திராட்சையும் புளியும் இந்த வகையில் அக்கா தங்கை. அடுத்தது மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளைக் கடித்தால் வரும் கூர்மை. சில ஒயின்களில் பாக்டீரியா அந்த மாலிக்கை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும், அதாவது மோர்ப் புளிப்பாக. ஷார்தொனே திராட்சையை எடுத்துக்கொண்டு, பிரான்சிலிருந்து மரப்பீப்பாய் வாசனை இல்லாத ஒரு சாதாரண ஷாப்லியையும், பீப்பாயில் வைத்த ஓர் ஆஸ்திரேலிய ஷார்தொனேயையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் எலுமிச்சைக் கூர்மை. இரண்டாவதில் வெண்ணெய் உருக்கும் வாசனை, புளிப்பு உருண்டு திரண்டு மோராக நிற்கும்.

ஸ்பெயினின் ரியோஹா ஒயினில் வறுத்த தேங்காய் வாசனை வருகிறது என்று மனைவி சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு படித்தேன்: அங்கே வழக்கமாக அமெரிக்க ஓக் பீப்பாய் பயன்படுத்துகிறார்கள், அந்த மரத்தில் தேங்காய் வாசனை தரும் லாக்டோன் அதிகம். தினமும் கறிக்குத் தேங்காய் வறுக்கிறவர் மூக்கு அது.

9 மார்ச்
ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் நாற்றம், தேதி முடிந்ததா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அம்மா, அதற்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்! ரீஸ்லிங் பாட்டிலில் சில வருடம் இருந்தால் டி.டி.என். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பொருள் உண்டாகும். நல்ல வெயில் பட்ட பழத்தில் அதிகம். எனக்கு அது லயத்து வீட்டு அரிக்கேன் விளக்கைத் துடைத்துத் திரி ஏற்றும் சாயங்காலம். பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இளம் பாட்டிலாக வாங்கட்டும்.

15 மார்ச்
இன்று மனம் சரியில்லை. ஈப்போவில் ஒரு கடையில் 120 வெள்ளி கொடுத்து ஒரு பர்கண்டி பினோ நுவார் வாங்கினேன். மனைவியின் பிறந்தநாளுக்காக மூன்று மாதம் சேர்த்த காசு. திறந்தால் பழமே இல்லை. வேகவைத்த பேரீச்சை, வாடிய வாசனை. தக்கை பாட்டில் வாயிலிருந்து மேலே தள்ளியிருந்ததை வாங்கும்போதே பார்த்திருக்கவேண்டும், சூட்டில் ஒயின் விரிந்ததன் அடையாளம் அது. கடைக் கண்ணாடியோரம் வெயில் படும் தட்டில் நின்ற பாட்டில். திருப்பிக் கேட்டதற்குத் திறந்ததை மாற்றமாட்டோம் என்றுவிட்டார்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: வெயில் படும் தட்டிலிருந்து எடுக்காதீர்கள், பணமிச்சம் என்றாலும் வேண்டாம். வாங்கியதைக் காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டு மதியம் முழுவதும் சுற்றாதீர்கள். தகரக் கூரை வீட்டில் அலமாரி மேல் வைப்பதும் கூடாது. ஐஸ் பெட்டியின் அடித்தட்டு போதும்.

நனைந்த சாக்கு, ஊறிய அட்டை வாசனை வந்தால் அது வேறு நோய், தக்கையிலிருந்து வருவது. டி.சி.ஏ. என்ற பொருள், லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அந்தத் தொல்லைக்காகவே 2000-இல் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங்காரர்கள் கூடிப் பேசித் திருகுமூடிக்கு மாறினார்கள். திருகுமூடி என்றால் மட்டம் என்று நினைக்கவேண்டாம்.

16 மார்ச்
ஒருவர் ஆறுதலாகக் கேட்டிருக்கிறார், சூட்டில் கெடாத ஒயினே இல்லையா என்று. இருக்கிறது, மதேரா. அட்லாண்டிக் தீவு. பழைய கப்பல்களில் பீப்பாய் பூமத்திய ரேகையைத் தாண்டி இந்தியா வரை வந்து திரும்பும், வழியெல்லாம் வெந்து வெந்து ருசி கூடியதைப் பார்த்து, பிறகு வேண்டுமென்றே சூடேற்றிச் செய்யத் தொடங்கினார்கள். 18, 19 சதவீதம், ஒரு சின்னக் கிளாஸ் போதும். திறந்து மாதக்கணக்கில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. வறுத்த முந்திரி, எரிந்த சர்க்கரை, நடுவில் ஊசி போலப் புளிப்பு.

23 மார்ச்
வெள்ளையில் இரண்டு, சுருக்கமாக. அல்சாசிலிருந்து கெவுர்ஸ்ட்ராமினர்: முகர்ந்ததும் நால்வரும் ஒரே குரலில் "பண்டுங்!" ரோஜா சிரப்பு வாசனைதான். லைச்சிப் பழத்துக்கும் இந்த ஒயினுக்கும் ரோஜா ஆக்சைடு என்ற ஒரே வாசனைப் பொருள் பொது. மார்ல்பரோ சோவின்யோன் பிளாங்: மார்கிசா என்ற பேஷன் பழம், கொய்யாக்காய், நறுக்கிய புல். நியூசிலாந்தின் அந்தப் பகுதியில் பெரிய அளவில் கொடி நடத் தொடங்கியது 1973-இல்தான், அதற்குள் உலகத்துக்கே தெரிந்த வாசனையாகிவிட்டது. பார்க்காத பழத்தின் பட்டியலை மனப்பாடம் செய்த அந்த இரண்டு வருடத்தை நினைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரம் நின்றது, அதை யாரும் எனக்குக் காட்டவில்லை.

5 ஏப்ரல்
"பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்" என்ற என் பேச்சை ஒருவர் கிடுக்கிப்பிடி போட்டிருந்தார்: லேபிளைப் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறீர்கள்? 2001-இல் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் ருசியற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள், அவர்களும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள் என்று எடுத்துக்காட்டினார். உண்மை. கண் மூக்கை இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே நேற்று ஆறு பாட்டிலை நாளிதழில் சுற்றி எண் போட்டோம். ஊற்றியவர் மகள், அவள் வாய் திறக்கவில்லை. நான் ஆறில் மூன்றுதான் சரியாகச் சொன்னேன். அர்ஜென்டினாவின் மெந்தோசா மால்பெக்கைப் பரோசா ஷிராஸ் என்றேன். மெர்லோவைக் கேபர்னே என்றேன். வாத்தியார் நான்கு. மனைவி ஐந்து, ரியோஹாவைத் தேங்காயால் பிடித்தார்.

1976 மே 24-ஆம் தேதி பாரிசில் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் பெயரை மறைத்த பாட்டிலிலிருந்து ருசி பார்த்து, வெள்ளையிலும் சிவப்பிலும் கலிபோர்னியாவுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். ஊர்ப் பெயரை மறைத்தால் பெரியவர்களுக்கே தடுமாறும். ஆனால் எனக்கு இதில் இன்னொன்றும் தெரிந்தது. பெயர் சொல்வதில்தான் தவறினேன், வித்தியாசம் சொல்வதில் இல்லை. இரண்டாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் ஒன்றல்ல என்று ஒரு முறைகூட நான் தடுமாறவில்லை. கேள்வி கேட்ட தம்பி கேட்டது அதுதானே.

14 ஏப்ரல்
கேள்வி கேட்ட ஈப்போக்காரர் எழுதியிருக்கிறார். பரோசாவும் குரோஸும் வாங்கி அண்ணனோடு உட்கார்ந்தாராம். "ஒன்று பாக்கு, ஒன்று வாழைப்பூ. மிளகு எனக்குத் தெரிந்தது, அண்ணனுக்குத் தெரியவில்லை, சண்டை போட்டோம்" என்கிறார். தம்பி, அண்ணனிடம் 18 பிப்ரவரி எழுதியதைக் காட்டுங்கள்.

15 ஏப்ரல்
புத்தாண்டுக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். மேசைமேல் கிளாஸும் படிக்கமும் இருந்ததைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. குடிக்கச் சொல்லமாட்டேன், முகர்ந்து மட்டும் பாருங்கள் என்று இரண்டு கிளாஸை நீட்டினேன். பேர் சொல்லவில்லை.

இரண்டையும் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்துக்கு நேராக ஒன்றாகத் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மூக்கருகே கொண்டுபோய் ஒன்றை, பிறகு மற்றதை, மறுபடி முதலாவதை.

"இது வெயிலில் காய்ந்தது" என்று பரோசாவைக் கீழே வைத்தார். குரோஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இதில் புகைக்கூடத்து வாசம் இருக்கிறதே, விறகு என்ன போட்டார்கள்?" என்று கேட்டார்.